மேற்கே பார்த்த பெஞ்சு

எங்கள் அத்தை பொய் சொல்வாள் என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு பந்த் நாளில். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த அதிர்ச்சியில் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்குப் பார்த்து அம்மா முட்டைக் குழம்பு வைத்திருந்தாள். அதையே நான் தொடவில்லை என்றால் அதிர்ச்சி எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தின நாள் வரை, அத்தையைப் போல உண்மை பேசுகிற ஆள் பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று சத்தியம் செய்திருப்பேன். சத்தியம் செய்யக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். எங்கள் சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு அவள்தான் டீச்சர். ஞாயிறுதோறும் கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கையில் ஒரு மர ஸ்கேலோடு வந்து நிற்பாள். யாரையும் அடித்ததில்லை. பிறகு அந்த ஸ்கேல் எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், பொய் சொன்ன ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த கதையைச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா, விழுந்தும் காட்டினாள். புருஷனாக ஒரு தடவை, பெண்சாதியாக ஒரு தடவை, ஜமுக்காளத்தின் மேல் தொப்பென்று. முன்வரிசையில் ஒரு பையன் அழுதேவிட்டான். அத்தை எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே, "ஒரே ஒரு பொய்தான் சொன்னாங்க, பாத்துக்குங்க" என்றாள்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா நர்சரி ஸ்கூல் டீச்சர். அப்பாவின் தங்கை அத்தை. அப்போது முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. வைட்ஃபீல்டில் ஒரு ஆபீசில் வேலை. என்ன வேலை என்றால், இங்கிலாந்தில் மலை ஏறப் போகிறவர்களுக்கு ஃபோனில் வழி சொல்கிற வேலை. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருந்தது. விடுமுறைக்கு நடைப்பயணம் ஏற்பாடு செய்கிற கம்பெனி ஒன்று அங்கே இருந்தது. எந்த மலை செங்குத்து, எங்கே காரை நிறுத்துவது, முழங்கால் வலிக்காரர் ஏறலாமா, உச்சியில் டீ கிடைக்குமா என்று அந்த ஊர்க்காரர்கள் ஃபோன் செய்து கேட்பார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு வேலை ஆரம்பம், அங்கே அப்போதுதான் காலை. அத்தை பதில் சொல்வாள்.

அந்த ஊர் மலைகள் நம்முடைய மலைகளைப் போல இல்லை என்பாள். பாறையும் முள்ளும் கம்மி. அடிமுதல் நுனிவரை புல். ஆடு மேயும். வேலி வந்தால் தாண்டிப் போக மரப்படி போட்டிருப்பார்கள். அவளுடைய பிரிவுக்கு வந்தது மால்வர்ன் என்கிற மலைத்தொடர். அதில் ஆக உயரமான உச்சியில் ஒரு கல்மேடை உண்டு. மேடையில் வட்டமாக ஒரு உலோகத் தகடு. எந்தப் பக்கம் எந்த மலை, எந்த ஊர் என்று கோடு போட்டுக் காட்டியிருக்கும். முன்காலத்தில் கடலில் எதிரிக் கப்பல் வருகிறது என்றால் அந்த உச்சியில் தீ மூட்டுவார்களாம். அதைப் பார்த்து அடுத்த மலையில் மூட்டுவார்கள், அதைப் பார்த்து அதற்கடுத்த மலையில். ஃபோன் இல்லாத காலத்து ஃபோன் என்பாள் அத்தை. தெற்கே இன்னொரு மலை, ஏசு பிறப்பதற்கும் முன்னால் யாரோ மண்ணை வெட்டி அகழியும் வரப்புமாக அடுக்கிக் கட்டிய கோட்டை. படுக்கையறைக் கதவின் பின்புறம் இந்த எல்லா மலைகளும் இருக்கிற வரைபடத்தை ஒட்டிவைத்திருந்தாள். என் யூனிஃபார்ம் பாவாடை எப்போதும் அதன் மேற்கு ஓரத்து வேல்ஸ் நாட்டின் மேலேதான் தொங்கும்.

இதையெல்லாம் அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஏரோப்ளேனையே உல்சூர் ஏரிக்கு மேலே போகும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் பார்க்கப் போகிறாள். வருஷத்துக்கு ஒருத்தரை ஆபீஸ் பத்து நாள் அங்கே அனுப்பும். அந்த மலைகளில் நடந்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நாலு வருஷம் காத்திருந்த பிறகு அந்த வருஷம் அத்தையின் பெயர் வந்தது. சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, "என் விசாவுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்று கேட்டாள். கல்யாணத்துக்குக்கூட இப்படி ஜெபம் கேட்டதில்லை என்று அம்மா முணுமுணுத்தாள். அத்தை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் மலை ஏறுகிற ஷூ ஒன்று வாங்கினாள். செங்கல் மாதிரி கனம். புது ஷூ காலைக் கடிக்கும், முன்னாலேயே போட்டுப் பழக வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு லால்பாக் பாறைக்குக் கிளம்பிவிடுவாள்.

லால்பாக் பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை மலை என்று சொன்னால் பாறைக்கே வெட்கமாக இருக்கும். உச்சியில் ஊரைக் கட்டியவர் எல்லைக்கு அடையாளமாக வைத்த சின்னக் கோபுரம் ஒன்று. அத்தை அதன் நிழலில் நின்று மூச்சு வாங்குவாள். பிறகு பசவனகுடி பக்கம் கையை நீட்டி, "அங்க பாரு, வேல்ஸ் மலைங்க. நீலமா, ஒண்ணு பின்னால ஒண்ணா தெரியுதா?" என்பாள். வில்சன் கார்டன் பக்கம் திரும்பினால் சமவெளியும் ஆறும். ஜெயநகர் பக்கம் மண்கோட்டை மலை. பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். செருப்பைத் தாண்டிப் பாறைச் சூடு ஏற, நான் சிணுங்கிக்கொண்டே நிற்பேன்.

பாறைச் சூட்டைவிட என்னை வாட்டியது வேறொன்று. லால்பாக் வாசலில் ஒரு தள்ளுவண்டியில் வேர்க்கடலை வறுப்பார்கள். மணலோடு புரட்டுகிற வாசனை ரோட்டின் எதிர்ப்பக்கம் வரை வரும். எனக்கு அது வேண்டும் என்றால் அப்படி வேண்டும். ஆனால் வெளியே போனால் அத்தையிடம் வாய் திறந்து எதுவும் கேட்கக் கூடாது, அவள் தனக்கென்று சேர்த்து வைக்கிற நேரம் இது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் கேட்கவில்லை. வண்டியைத் தாண்டும்போது மூச்சை மட்டும் நன்றாக இழுத்துக்கொள்வேன்.

இப்போது பந்துக்கு வருகிறேன்.

காவிரித் தண்ணீருக்காக பந்த். பஸ் இல்லை, ஸ்கூல் இல்லை, ஆபீஸ் வண்டியும் வராது. முந்தின நாளே அத்தை ஒரு லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். படுக்கையறை ஒரு நாளைக்கு ஆபீசாக மாறியது. அத்தை சட்டங்கள் போட்டாள். ஃபோன் செய்கிறவர்களுக்கு நாம் இருப்பது பெங்களூர் என்று தெரியக் கூடாது. அது ஆபீஸ் சட்டம். ஆகவே பகல் முழுக்க குக்கர் வைக்கக் கூடாது, விசில் இங்கிலாந்து வரை கேட்கும். மிக்ஸி கூடாது. அப்பா தும்மக் கூடாது. அப்பாவின் தும்மல் அப்படி. அம்மா பானையில் சோறு வடித்தாள். எனக்கு ஒரு பெரிய பொறுப்பு கிடைத்தது: ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், நாய் குரைத்தாலோ ஊர்வலம் வந்தாலோ சத்தம் போடாமல் கதவைச் சாத்த வேண்டும். ஹெட்செட் பொத்தானையும் காட்டினாள். "செவப்பு லைட் எரிஞ்சா நாம பேசறது அவங்களுக்குக் கேக்காது. இல்லேன்னா கேக்கும். அதனால நீ இருமக்கூட கூடாது, கண்ணு."

ஒரு மணிக்கு முதல் ஃபோன் வந்தது. அத்தை தன் பெயர் ஹெலன் என்றாள். எனக்கு லேசாகத் திக்கென்றது. சரி, ஆபீசில் வைத்த பெயராக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து, "இங்க லேசா தூறிக்கிட்டிருக்கு. இப்பதான் குடையை மடக்கிட்டு உள்ள வந்தேன்" என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், என் நினைவில் எல்லாம் தமிழாகவே தங்கிவிட்டது. நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. குடை கதவுக்குப் பின்னால், வேல்ஸுக்குக் கொஞ்சம் தெற்கே, காய்ந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

பொய். அதுவும் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். நான் அவள் விழப்போகிறாள் என்று நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தேன். விழவில்லை. அதற்குள் இரண்டாவது ஃபோன். அந்த அம்மாளிடம், உச்சிக்குப் போகிற பாதை சின்னப் பிள்ளைகளுக்கும் கஷ்டமாக இருக்காது என்று சொன்னவள், "போன சனிக்கிழமைதான் நானும் என் அண்ணன் பொண்ணும் ஏறினோம். ஒன்பது வயசு. வழி நெடுக சிணுங்கினா. மேல போனதும் சரியாயிட்டா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் போதாதென்று என்னையும் பொய்யில் சேர்த்துவிட்டாள். கதையில் புருஷன் மட்டும் சாகவில்லை, கூட இருந்த பெண்சாதியும் செத்தாள். கூட இருந்தவள் என்ற கணக்கில் இப்போது நான். இரண்டு மணிக்கு அம்மா ஓசைப்படாமல் தட்டை நீட்டியபோது எனக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை. சாகப்போகிறவளுக்கு முட்டைக் குழம்பு எதற்கு?

மூன்று மணி வாக்கில் ஒரு தாத்தாவின் ஃபோன் வந்தது. அடிக்கடி பேசுகிறவர் போலிருக்கிறது, அத்தையின் குரலே இளகிவிட்டது. "எப்படி இருக்கீங்க? கால் வலி எப்படி?" என்று கேட்டாள். அவரிடமும் அதே தூறல், அதே மடக்கின குடை. பிறகு, "போனேனே. போன சனிக்கிழமைகூட போனேன். இருக்கு, பெஞ்சு அங்கேயேதான் இருக்கு. மேற்க பாத்து. உங்க வீட்டம்மா பேர் போட்ட பலகையை என் கையாலயே தொடச்சேன். என் அண்ணன் பொண்ணு, ஒன்பது வயசு, அதுல உக்காந்து ஆரஞ்சு தின்னா" என்றாள்.

அந்த மலையில் அவர் இறந்துபோன மனைவியின் நினைவாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார், அவரால் இனி ஏற முடியாது, பெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார் என்பது அத்தை பேசிய பாதியிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பகீரென்றது. மழையைப் பற்றிப் பொய் சொல்லலாம். செத்துப்போன ஒரு பாட்டியின் பெஞ்சைப் பற்றிச் சொல்லலாமா? அத்தை கண்ணை மூடிக்கொண்டு வேல்ஸ் மலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். நீலமாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக. எல்லாம் பசவனகுடி.

அந்த நேரம் பார்த்து மெயின் ரோடு பக்கமிருந்து ஊர்வலச் சத்தம் கேட்டது. பைக் ஹாரனும் கோஷமும். நான் ஜன்னலைச் சாத்தினேன். அம்மா அறை வாசலில் வந்து நின்று, அப்பா தெருமுனையில் போய் வேடிக்கை பார்க்கிறார், கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார் என்று குரல் எழும்பாமல் பதறினாள். அப்பா இந்த உலகத்தில் கேட்பது அத்தை பேச்சை மட்டும்தான். அத்தை ஹெட்செட்டில், "ஒரு நிமிஷம், கெட்டில் கொதிக்குது, எறக்கி வச்சுட்டு வந்துடறேன்" என்றாள். எங்கள் வீட்டில் கெட்டில் கிடையாது. சிவப்பு லைட்டை எரியவிட்டு, ஹெட்செட்டை மேஜை மேல் வைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

அன்று நான் செய்ததைத் துணிச்சல் என்று யாராவது சொன்னால் அது தப்பு. பயம். அத்தை செத்துவிடுவாள், நானும் சாவேன், அதற்குள் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. ஹெட்செட்டை மாட்டினேன். எனக்கு அது பெரியதாக இருந்தது, கையால் பிடித்துக்கொண்டேன். பொத்தானை அமுக்கினேன். சிவப்பு அணைந்தது.

"சார், என் அத்தை சொல்றது பொய். அவங்க அந்த மலைக்கு வந்ததே இல்ல. நாங்க பெங்களூர்ல இருக்கோம். இன்னிக்கு பந்த். நாங்க போனது லால்பாக். அங்க பெஞ்சு இல்ல, பாறைதான். ஆரஞ்சும் பொய். நான் ஒண்ணுமே திங்கல. எனக்கு வேர்க்கடலைதான் வேணும்னு இருந்துச்சு, ஆனா நான் யார்கிட்டயும் கேக்கல. சாரி சார்." ஒரே மூச்சில், ஸ்கூலில் மனப்பாடம் ஒப்பிக்கிற இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கடிகாரம் கேட்டது. கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "உனக்கு ஒன்பது வயசுன்னு சொன்னாங்களே, அதாவது நிஜமா?" என்று கேட்டார். நிஜம் என்றேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "நான் இருக்கிறது அந்த மலை அடிவாரத்துலதான். மூணு நாளா இங்க வெயில். உங்க அத்தை குடையை மடக்கிட்டு வந்தேன்னு சொல்றாங்க." கொஞ்சம் இருமினார். "அந்த பெஞ்சும் இப்ப இல்ல. மரம் உளுத்துப்போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி குளிர்காலத்துல எடுத்துட்டாங்க."

"அப்ப ஏன் சார் கேக்கறீங்க?"

"நல்லா சொல்றாங்களே" என்றார். "நீ சொன்னதா அத்தைகிட்ட சொல்லிடாதே. பெஞ்சு இல்லைங்கறதையும் சொல்லாதே. தெரிஞ்சா அப்புறம் சொல்ல மாட்டாங்க."

வாசலில் அப்பாவை அதட்டுகிற அத்தையின் குரல் கேட்டது. சரி சார், பிராமிஸ் என்று சொல்லிவிட்டுச் சிவப்பை எரியவிட்டேன். ஹெட்செட்டை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். அத்தை மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, கெட்டிலுக்காக மன்னிப்புக் கேட்டாள். அவர் ஏதோ கேட்டார். "பச்சைதான்" என்றாள் அத்தை. "கைப்பிடியில மட்டும் கொஞ்சம் பெயின்ட் உரிஞ்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

பொய் சொல்கிற ஒருத்தி. அது பொய் என்று தெரிந்தும் கேட்கிற ஒருத்தர். ஆக இரண்டு பேரும் கூட்டு, நடுவில் நான் பிராமிஸ் வேறு செய்துவிட்டேன். இங்கிலாந்தில் ஒருவர், மர்பி டவுனில் இருவர், மூன்று பேரும் ஒரே நேரத்தில் விழுந்தால் யார் யாரைத் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

யாரும் விழவில்லை. அன்றைக்கு வேலை முடிந்து அத்தை கொஞ்சம் படுத்தபோது அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. அடுத்த ஞாயிறு வகுப்பில் முன்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தேன், விழுந்தால் முகத்தில் தெளிக்கலாம் என்று. அவள் அதே கஞ்சிப் புடவையில், அதே ஸ்கேலோடு, மன்னிப்பைப் பற்றி நன்றாகப் பாடம் நடத்தினாள். பரலோகத்தில் இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை போலிருக்கிறது என்று முதல் தடவையாக எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகமே பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை அத்தை என்னைப் படுக்கையறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பாஸ்போர்ட்டை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே பளபளவென்று ஒரு பக்கம் முழுக்க விசா ஒட்டியிருந்தது. அதில் அத்தையின் ஃபோட்டோ, காது இரண்டும் தெரிய, திருடி மாதிரி. "ஞாயித்துக்கிழமை ஆராதனைல எல்லாருக்கும் சொல்லலாம்னு இருக்கேன். அண்ணனுக்குக்கூட தெரியாது. மூச்சு விடாதே" என்றாள். பாஸ்போர்ட்டை மூடி, உடனே மறுபடி திறந்து பார்த்தாள். என்னிடம் அப்போது இரண்டு ரகசியங்கள் சேர்ந்துவிட்டன.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே வந்துவிட்டாள். ஆபீஸ் வண்டியில் அல்ல, பஸ்ஸில். நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பையைக் கழற்றாமலே நின்றுகொண்டு, "விசா குடுக்கல அண்ணா. ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்றாள்.

அப்பா டம்ளரை வைத்துவிட்டு வெள்ளைக்காரர்களை முன்னூறு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தார். அம்மா, எல்லாம் கர்த்தருடைய சித்தம், அடுத்த வருஷம் கிடைக்கும் என்றாள். பளபளவென்ற அந்தப் பக்கத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது வீட்டுக்குள்ளேயே, சொந்த அண்ணனிடமே பொய். அத்தை என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்பது போல் இருந்தது அந்தப் பார்வை. நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் கொதித்துப்போனேன். ஏரோப்ளேனுக்குப் பயந்துகொண்டு போகாமல் இருக்கிறாள், அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு விசா மேல் பழி போடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வருஷம் வேறொரு பெண் போய்வந்தாள். அத்தையை ஃபோனிலிருந்து எடுத்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற பிரிவில் போட்டார்கள். போய்வந்த பெண் எல்லாருக்கும் சாக்லேட்டும் அத்தைக்கு ஒரு கட்டு ஃபோட்டோவும் கொடுத்தாள். அதில் மலையின் மேற்குச் சரிவு ஒன்று இருந்தது. வெறும் புல். அத்தை அதை மட்டும் தனியாக எடுத்துக் கதவில், என் பாவாடை மாட்டுகிற ஆணிக்குக் கீழே ஒட்டினாள். பெஞ்சு எங்கே என்று அவள் கேட்பாள், நான் பிராமிஸை எப்படிக் காப்பாற்றுவது என்று பயந்துகொண்டே இருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

பிறகு வருஷங்கள் போயின. அத்தை கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். இங்கிலாந்து போகவே இல்லை. நான் படிப்பை முடித்துவிட்டு, எங்கே போவேன், வைட்ஃபீல்டுக்கே போனேன். முதல் நாள் ஹெட்செட்டை மாட்டிவிட்ட பெண் சொன்னாள், "நீ பேசறது எல்லாம் ரெக்கார்ட் ஆகும். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு உக்காந்து கேப்பாங்க. தப்பு இருந்தா கூப்பிட்டு வச்சு, உனக்கே போட்டுக் காட்டுவாங்க." அந்தப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பந்துக்கும் அந்த வியாழக்கிழமைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அத்தைக்கு ஃபோன் செய்தேன். "அத்தை, அந்த பந்த் அன்னிக்கு நான் பேசினதை ஆபீஸ்ல உங்களுக்குப் போட்டுக் காட்டினாங்களா? அதனாலதான் நீங்க போகலையா?" என்று கேட்டேன். அத்தை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எந்த பந்த்? நீ எதைச் சொல்றேன்னே தெரியலையே கண்ணு. எனக்குத்தான் விசா குடுக்கலையே" என்றாள். அவ்வளவு சுத்தமான பொய். ஹெலன் சொன்னது எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஆனால் அவள் மறைக்காமல் விட்டது ஒன்று உண்டு. அதற்கு நான் அந்த வியாழக்கிழமைக்கே திரும்பிப் போக வேண்டும்.

அப்பா திட்டி முடித்து, அம்மா சமையலறைக்குப் போன பிறகு, அத்தை பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். வறுத்த வேர்க்கடலை. லால்பாக் வண்டிக்காரர் சுற்றித் தருகிற அதே கூம்பு. ஆறிப்போயிருந்தது. வைட்ஃபீல்டிலிருந்து வருகிற வழியில் லால்பாக் கிடையாது, தனியாக அங்கே போய், இன்னொரு பஸ் மாறி வந்திருக்க வேண்டும். "தின்னு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, நான் தோலை உரித்து உரித்துத் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என் தலையைத் தொட்டாள்.

விசா விஷயத்தை நான் வெளியே சொல்லாமல் இருக்கக் கொடுக்கிற லஞ்சம் என்று நினைத்தேன். ஓய்வுநாள் பள்ளி டீச்சர் லஞ்சமும் கொடுப்பாளா என்று அதற்கும் அதிர்ச்சியானேன். ஆனாலும் ஒரு கடலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பொட்டலத்தைக் கவிழ்த்து உப்பையும் நக்கினேன். எனக்கு வேர்க்கடலை வேண்டும் என்று உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன், அது அத்தையிடம் இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.